வலக் கண்ணுக்கு மட்டும் புரை எடுத்தால் போதுமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய ஆறு பக்கக் கடிதம் இது. பெயரையும் தோட்டத்தையும் தவிர்த்து, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 56. முதுகுவலியால் கொழுந்தெடுப்பதை விட்டுப் பதினெட்டு வருடங்களாகின்றன. அன்றிலிருந்து லயத்து இஸ்தோப்பில் தையல் இயந்திரம் போட்டுப் பாடசாலைச் சீருடை, சேலைச் சட்டை எல்லாம் தைத்துக் கொடுக்கிறார். ஐந்தாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. வலக் கண் மைனஸ் 11, இடக் கண் மைனஸ் 10 என்று பல வருடங்கள் மாறாமல் இருந்தது. கடந்த இரண்டு வருடங்களில் வலக் கண் மட்டும் 13 ஆனது, பிறகு 15 ஆனது. மூன்றாவது முறை கண்ணாடி மாற்றியபோது பலன் கிடைக்கவில்லை. போன ஜனவரியில் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சீருடை முழுவதையும் வெண்மஞ்சள் நூலால் தைத்துவிட்டார். பிள்ளையின் தாய் திருப்பிக் கொண்டுவந்து காட்டிய பிறகும் அவருக்கு இரண்டு நூலும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கின்றன.

கண்டியில் கண் கிளினிக்கில் காட்டியிருக்கிறார். வலக் கண்ணில் புரை, சத்திரசிகிச்சை செய்யலாம் என்றும், இடக் கண்ணில் இப்போதுதான் தொடக்கம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இனி அவருடைய கேள்விகள். “பூ நன்றாக முற்றட்டும், அப்போதுதான் சுலபமாக உரியும்” என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா, அது சரியா? இடக் கண் நன்றாக இருப்பதால் வலக் கண்ணை மட்டும் செய்துகொண்டு புதுக் கண்ணாடி போட்டால் போதாதா? கொழும்பில் வேலை செய்யும் மகன், கிட்டவும் தூரவும் தெரியும் விலை கூடிய வில்லையைத் தனியார் வைத்தியசாலையில் வைக்கலாம் என்கிறான், அது தேவையா? இறந்தவர்களின் கண்ணையா வைப்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயம்: இவரைப்போலவே கனத்த கண்ணாடி போட்ட அண்ணனுக்குப் புரை எடுத்து இரண்டு வருடத்தில் அந்தக் கண் திடீரென்று இருண்டுபோனது.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: “கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியை மூக்கருகே கொண்டுவந்தால், ஊசியின் காது வாசல் மாதிரித் தெரியும்.” போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முடிவு முழுவதும் அந்த வரியில்தான் தங்கியிருக்கிறது என்பேன்.

சராசரிக் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளம். உங்களுடையது அதைவிட நீண்டு வளர்ந்த கண். அதனால்தான் சிறு வயதிலிருந்தே குறும்பார்வை. மைனஸ் 10 உள்ள கண் கண்ணாடி இல்லாமல் தெளிவாகப் பார்க்கக்கூடிய கடைசித் தூரம் 10 சென்றிமீற்றர், நான்கு விரற்கடையைச் சற்றுத் தாண்டியது. அதற்கப்பால் எல்லாம் பனிமூட்டம். ஆனால் அந்த 10 சென்றிமீற்றருக்குள் உங்களுக்குத் தெரிகிற நுணுக்கம் என் கண்ணுக்குத் தெரியாது. ஊசிக்காது உங்களுக்கு வாசலாகத் தெரிவது அதனால்தான்.

புரை எடுக்கும்போது, மங்கிப்போன உங்கள் இயற்கை வில்லையை நீக்கி அந்த இடத்தில் செயற்கை வில்லையை வைப்பார்கள். அந்த வில்லையின் பவரை வைத்தியர் தேர்ந்தெடுக்கிறார். அப்படியென்றால் 46 வருடம் கண்ணாடிக்குள் இருந்த உங்கள் கண்ணின் பவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதும் அன்றைக்கே முடிவாகிறது. பூச்சியத்திலும் நிறுத்தலாம், மைனஸ் 3 இலும் நிறுத்தலாம், 7 இலும் நிறுத்தலாம். “செய்வதா, வேண்டாமா” என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டாவது கேள்வியை ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை, நீங்களும் அவர்களிடம் கேட்கவில்லை.

முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அக்கா சொல்வது அவருடைய தாயின் காலத்துச் செய்தி. அப்போது வில்லையை முழுதாக வெளியே எடுத்தார்கள், அதனால் முற்றக் காத்திருந்தார்கள். இப்போது பெரும்பாலும் மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டின் வழியாக, கேளா ஒலியால் வில்லையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். முற்றி இறுகிய புரையை உடைக்க அதிக நேரமும் அதிக சக்தியும் வேண்டும், கண்ணுக்கு அது கூடுதல் சிரமம்.

உங்கள் வலக் கண் 11 இலிருந்து 15 க்கு ஓடியதற்குக் காரணம் புரைதான், தையல் இல்லை. வில்லையின் நடுப்பகுதி இறுகும்போது அது ஒளியை அதிகமாக வளைக்கும், மைனஸ் ஏறும். கூடவே வில்லை மஞ்சளாகும். வெள்ளை நூலும் வெண்மஞ்சள் நூலும் ஒன்றாகத் தெரிந்த இரகசியம் இதுதான். இடக் கண்ணை மூடி ஒரு வெள்ளைத் துணியைப் பாருங்கள், பிறகு வலக் கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணுக்குத் துணி தேத்தண்ணீரில் நனைத்ததுபோலத் தெரிந்தால் அந்தக் கண்ணில் புரை கூடுதல். இதற்குச் சொட்டு மருந்து கிடையாது, கண்ணாடிக் கடையிலும் தீர்வு கிடையாது.

மற்றக் கண்ணில் தேவைக்குப் பார்வை இருப்பதால் அவசரமும் இல்லை. தையல் தடைப்படுகிறது, இருட்டில் படியிறங்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அது போதுமான காரணம். நாளை என்ன, அடுத்த மாதம் என்ன, அந்த வித்தியாசம் பெரிதில்லை. அடுத்த ஐந்து வருடம் என்றால் வித்தியாசம் உண்டு.

இடக் கண்ணை என்ன செய்வது?

“ஒரு கண் போதும், பிறகு கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்” என்கிறீர்கள். சாதாரணப் பவர் உள்ளவர்களுக்கு அது நடக்கும். உங்களுக்கு நடப்பது கடினம்.

வலக் கண்ணைப் பூச்சியத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று வைப்போம். இடக் கண்ணில் மைனஸ் 10 கண்ணாடி அப்படியே இருக்கும். அவ்வளவு கனத்த மைனஸ் கண்ணாடி பொருட்களைப் பத்தில் ஒரு பங்கு சிறிதாகக் காட்டும். இரு கண்ணும் வெவ்வேறு அளவில் அனுப்பும் படங்களை மூளை ஒன்றாகச் சேர்க்க முடியாமல் திணறும். தலைவலி வரும், குமட்டும். இரு கண்ணாடிகளுக்குமிடையே மூன்று பவருக்கு மேல் வித்தியாசம் வந்தாலே பலருக்குத் தாங்குவதில்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் லயத்துக் கற்படிகள்தான். படியிறங்கும்போது நாம் கண்ணாடியின் நடுவால் பார்ப்பதில்லை, கீழ்ப்பகுதியால் பார்க்கிறோம். நடுவிலிருந்து ஒரு சென்றிமீற்றர் கீழே பார்த்தால், பத்துப் பவர் வித்தியாசத்தில், ஒரு மீற்றர் தூரத்திலுள்ள படி இரு கண்ணுக்கும் பத்து சென்றிமீற்றர் மேலும் கீழுமாக விலகித் தெரியும். ஒரு படி இரண்டு படியாகிவிடும். எதில் கால் வைப்பது? அதுவும் மழை நனைத்த கல்லில்.

இதற்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, இடக் கண்ணுக்குக் கண்ணாடிக்குப் பதில் தொடுவில்லை. அது விழியின் மேலேயே ஒட்டியிருப்பதால் அளவு வித்தியாசமும் படி விலகலும் பெருமளவு மறைந்துவிடும். ஆனால் தினமும் கழற்ற வேண்டும், அதற்கான திரவத்தில் மட்டுமே கழுவ வேண்டும். பீலித் தண்ணீர் படவே கூடாது. எவ்வளவு தெளிந்த பீலியானாலும் அந்தத் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர் கருவிழியைத் தின்றுவிடக்கூடும். தொடுவில்லையோடு முகம் கழுவியவர்களை நான் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன், அந்தக் கண்களை மறக்க முடியவில்லை. உங்களால் அந்த ஒழுங்கைக் காக்க முடியுமென்றால் நல்ல வழி. இரண்டாம் சத்திரசிகிச்சைவரை சில வாரங்கள் சமாளிப்பதற்காவது உதவும்.

இரண்டாவது, இடக் கண்ணையும் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ செய்துவிடுவது. “அதில் புரை தொடக்கம்தானே” என்பீர்கள். இரு கண்ணுக்குமிடையே இவ்வளவு பவர் வித்தியாசம் ஏற்பட்டுவிட்டால், புரை சிறிதாக இருந்தாலும் மற்றக் கண்ணைச் செய்ய அந்த வித்தியாசமே ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணம். உங்கள் நிலைமைக்கு நான் சாய்வது இந்தப் பக்கம்தான். ஆனால் இரண்டாம் கண்ணுக்கும் முதல் கண்ணுக்குள்ள அத்தனை ஆபத்தும் உண்டு. முதல் கண் ஆறி, கணக்கு எவ்வளவு சரியாக வந்தது என்று பார்த்த பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, வலக் கண்ணை மைனஸ் 7 அளவில் நிறுத்தி, இடக் கண்ணோடு ஒத்துப்போக வைப்பது. கனத்த கண்ணாடி தொடரும், கண்கள் சண்டை போடாது. இடக் கண்ணை ஒருபோதும் தொடப்போவதில்லை என்று உறுதியாக இருப்பவருக்கு மட்டும் இது பொருந்தும். ஆனால் உங்கள் இடக் கண்ணில் புரை தொடங்கிவிட்டது. நாலைந்து வருடத்தில் அதையும் செய்ய வேண்டிவந்தால், வலக் கண்ணில் கிடைத்த வாய்ப்பை வீணாக்கிவிட்டோமே என்று வருந்துவீர்கள்.

எந்தப் பவரில் நிறுத்துவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். இரு கண்ணும் பூச்சியத்துக்கு வந்திருந்தன. வேறு எவரும் கொண்டாடியிருக்கக்கூடிய பெறுபேறு. “டொக்டர், பஸ் பலகை தெரிகிறது. ஆனால் படுத்தபடி பத்திரிகை வாசிக்க முடியவில்லை, என் கைரேகைகூடத் தெரியவில்லை” என்றார். நாற்பது வருடமாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே பிடித்து வாசித்தவர். அந்தப் பழக்கம் போய்விடும் என்று யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

நீங்களும் “பவர் பூச்சியமாகிவிடுமாமே, இனிக் கண்ணாடியே வேண்டாமே” என்று எழுதியிருக்கிறீர்கள். பூச்சியத்தில் நிறுத்தினால் தூரம் தெரியும். தையலுக்கும் வாசிப்புக்கும் கண்ணாடி கட்டாயம் வேண்டும். மைனஸ் 2.5 அல்லது 3 இல் நிறுத்தினால் 33 முதல் 40 சென்றிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் அடி தூரத்தில், கண்ணாடி இல்லாமல் தெரியும். தையல் இயந்திரத்தில் குனிந்திருக்கும் உங்கள் கண்ணுக்கும் ஊசிக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான். பாதையில் போக மெல்லிய கண்ணாடி போட வேண்டும். பத்து வயதிலிருந்து கண்ணாடி போட்டவருக்கு அது பாரமில்லை. அதனால் இரு கண்ணையும் மைனஸ் 3 ஐ ஒட்டி நிறுத்தும்படி கேளுங்கள் என்பது என் யோசனை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட கண்களுக்கு வில்லைக் கணக்கு எளிதில் வழுக்கும், பழைய சூத்திரங்களில் முடிவு பிளஸ் பக்கம் போய்விடும். பிளஸ்ஸில் போனால் தூரமும் மங்கல், கிட்டவும் மங்கல். 1949 இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி உலகில் முதன்முதலாகக் கண்ணுக்குள் வில்லை வைத்தபோது பவர் கணக்கு மிகவும் பிழைத்து, அந்த முதல் நோயாளி கனத்த மைனஸ் கண்ணாடிக்காரர் ஆனார். இப்போது ஒளியால் அளக்கும் கருவிகளும் நீண்ட கண்ணுக்கென்று தனிச் சூத்திரங்களும் இருக்கின்றன. ஆனாலும் அரைப் பவர், ஒரு பவர் தவறலாம். மைனஸ் பக்கம் குறி வைத்தால் தவறினாலும் பாதகம் குறைவு.

எந்தப் பவரில் நிறுத்தினாலும் ஊசிக்காது இனி வாசலாகத் தெரியாது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஊசி கோக்கும் கம்பி, உருப்பெருக்கி, நல்ல வெளிச்சம் வேண்டியிருக்கும். ஆனால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். புரை எடுத்த முதல் வாரத்தில், சுவரெல்லாம் நீலம் பூசினாற்போல இருக்கிறது என்று சொல்லாதவர்கள் குறைவு.

மகன் சொல்லும் பலதூர வில்லை உங்களுக்கு ஏற்றதல்ல என்றே நினைக்கிறேன். அது வரும் வெளிச்சத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது, துல்லியம் கொஞ்சம் குறையும், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். நீண்ட கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி மெலிந்திருக்கக்கூடும். அங்கே ஒரு துளி வெளிச்சத்தையும் இழக்கக் கூடாது. சாதாரண ஒற்றைப் பவர் வில்லை போதும். மகனின் பணம் போக்குவரத்துக்கும் கண்ணாடிக்கும் உதவட்டும்.

இறந்தவர் கண்ணை வைப்பார்களோ என்ற பயத்தை இத்தோடு விடுங்கள். நம் நாடு கண்தானத்துக்குப் பெயர்பெற்றது. ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கம் உலகமெங்கும் கண்களை அனுப்பியிருக்கிறது. அப்படித் தானமாகப் பெறுவது கருவிழியை, அது வேறு நோய்க்கு. உங்களுக்கு வைப்பது தொழிற்சாலையில் செய்த வில்லை.

அண்ணனுக்கு நடந்தது

பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும், “முதலில் மின்னல்போல வெட்டியது, பிறகு புகைக்கரி கொட்டினாற்போல் புள்ளிகள், பிறகு ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்கியது” என்று நீங்கள் எழுதியிருப்பது விழித்திரை கழன்றதற்கான அடையாளம். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், ஓரங்களில் ஓட்டை விழலாம். புரை சத்திரசிகிச்சை அந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. ஆண்களுக்கும் வயது குறைந்தவர்களுக்கும் கூடுதல். சத்திரசிகிச்சையின்போது வில்லையைச் சுற்றியுள்ள மெல்லிய பையின் பின்பக்கம் கிழிந்தால் மேலும் கூடுதல். பெரும்பாலானோருக்கு இது வருவதில்லை. வந்தாலும், திரை நடுப்பார்வையை மூடுமுன் வந்தால் பெரும்பாலும் ஒட்டவைக்கலாம். அண்ணன் மூன்று வாரம் கழித்துப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறைசொல்ல மாட்டேன், வலிக்காத நோய்க்கு யார் பஸ் ஏறுவார்கள்?

புரை எடுத்துப் பவர் குறைந்ததும் குறும்பார்வை குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும், கண் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அண்ணனைப்போல மின்னலோ கரிப்புள்ளிகளோ திரையோ எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அன்றைக்கே புறப்படுங்கள். விழித்திரைச் சத்திரசிகிச்சை எல்லா இடத்திலும் இல்லை. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள், அந்தப் பயணத்துக்கும் நேரம் வேண்டும். உங்கள் மகனும் கனத்த கண்ணாடி போட்டவரானால் அவரும் விழித்திரையைக் காட்டட்டும்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நெரிசலில் நமக்குக் கிடைப்பது மூன்று நிமிடம்.

முதல் கேள்வி: “என் கண்ணை எந்தப் பவரில் நிறுத்தப்போகிறீர்கள்? நான் தையல் வேலை செய்பவள்.” இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டாவது: சத்திரசிகிச்சைக்கு முன் விழித்திரையின் ஓரங்களைப் பார்த்துவிட்டார்களா? ஓட்டை இருந்தால் முதலில் லேசரால் அடைக்க வேண்டும். அன்று கண்மணி விரிய மருந்து விடுவார்கள். பல மணி நேரம் கூசும், மங்கும். தனியாகப் போய் ஹட்டன் பஸ்ஸைத் தேடாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

மூன்றாவது: கண் நீளமானது, விறைக்க ஊசியா, சொட்டா? நீண்ட கண்ணுக்குப் பின்னால் கூர் ஊசி போடுவதில் கண்ணைத் துளைத்துவிடும் ஆபத்து சற்றுக் கூடுதல். சொட்டு மருந்தோ மழுங்கிய குழாயோ பாதுகாப்பு. வைத்தியருக்கு இது தெரியும், நீங்கள் கேட்பதில் தவறில்லை.

நான்காவது: உங்களுக்கு வேண்டிய குறைந்த பவர் வில்லை கையிருப்பில் இருக்கிறதா? இதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை, முன்கூட்டியே வரவழைக்க வேண்டியிருக்கலாம். சத்திரசிகிச்சை மேசையில் படுத்த பிறகு “இருப்பதை வைக்கிறோம்” என்ற நிலை வேண்டாம். கூடவே, இடக் கண்ணுக்கு எப்போது திகதி கிடைக்கும் என்றும் அன்றே கேளுங்கள். காத்திருப்புப் பட்டியல் ஒரு வருடம் என்றால், இடையில் தொடுவில்லை பழக வேண்டுமா என்று முதலிலேயே தீர்மானிக்கலாம்.

சர்க்கரை நோய், குருதியழுத்தம் ஏதும் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பிறகு சில வாரங்கள் சொட்டு மருந்து, விறகடுப்புப் புகையிலிருந்தும் பீலித் தண்ணீரிலிருந்தும் விலகல், கண்ணைக் கசக்காமை. இருட்டறையில் நாற்பது நாள் இருக்கத் தேவையில்லை. முதல் நாட்களில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை குறைந்தால் மட்டும் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காதீர்கள்.

சீருடைத் துணி வரும் மாதத்துக்கு முன்னரே வலக் கண் ஆறிவிட வேண்டும், அதனால் திகதியை அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள். கண்ணை அளந்த சீட்டு உங்கள் கையில் கிடைத்தால் அதில் ‘ஏ.எல்.’ என்ற எழுத்துகளுக்கு எதிரே ஓர் எண் இருக்கும், அதுதான் உங்கள் கண்ணின் நீளம். 27, 28 என்று ஏதோ ஒன்று இருக்குமென நினைக்கிறேன். இரு கண்ணின் எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.